சம்மனசுங்கள எண்ணாத வூடு

ஞானமேரி மாம்பழத்த வாயில வெச்சு ஆறு வருசம் ஆயிருந்துச்சு. வூடு இருந்தது அரூர் ரோட்டோரம். சித்திர பொறந்தா வண்டி வண்டியா மாங்கா போவும், வாசல்ல நின்னா வாசன மூக்கத் தொளைக்கும். ஆனா ஒரு துண்டு தொடக் கூடாது. மாம்பழம் மட்டுமில்ல, பரங்கிக்கா கூடாது, எலுமிச்சங்கா கூடாது, பருப்புல மஞ்சத்தூளு கூடாது. களிக்கு ஊத்திக்கிற கொழம்பு அவளுக்கு மட்டும் தனிச் சட்டியில, நோயாளிக்கு வெச்ச மாதிரி வெளுத்துப் போயி இருக்கும்.

சட்டம் போட்டது மாமியா ஆரோக்கியம்மா. ஞானமேரி பெத்த புள்ளைங்க ரெண்டு மஞ்சளாப் போயிச் செத்துச்சு. அதுல மொதது போனப்பவே, மஞ்சளாத் தின்னா மஞ்சளாத்தான பொறக்கும்னு அந்தம்மா முடிவு பண்ணிட்டாங்க. அப்புடிப் பாத்தா கத்திரிக்கா தின்னவளுக்கெல்லாம் ஊதாக் கலர்ல பொறக்கணும். ஞானமேரிக்கு இது தோணாம இல்ல. வாயத் தொறந்தா சண்ட, சண்ட போட்டா புருசன் ரெண்டு நாளைக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாரு, அப்புறம் அந்த மூஞ்சியையும் இவதான் கெஞ்சி எறக்கி வெக்கணும். போவட்டும்னு வெளுத்த கொழம்பையே தின்னா.

அவளுக்குக் கல்யாணம் ஆனது அறுவத்திரெண்டுல. பொறந்த வூடு நல்லம்பள்ளி பக்கம். மூத்தவன் ஸ்தனிஸ்லாசு அங்க தாய் வூட்ல பொறந்தான். வெளக்கெண்ண தடவுன கையோட மருத்துவச்சி தூக்கிக் காட்டுனா, கரேல்னு, கல்லுக்குண்டு மாதிரி இருந்தான். ஒரு தும்மல் கெடையாது.

ரெண்டாவது அறுவத்தாறுல. மொதப் பிரசவந்தான் தாய் வூட்ல, மீதியெல்லாம் புருசன் வூட்லங்கிறது அவங்க பழக்கம். பொண்ணு. பொறந்த அன்னிக்குப் பொழுது எறங்குறதுக்குள்ளயே கண்ணு முழி மஞ்சளாச்சு. மறுநாளு ஒடம்பு பூரா. மூணாம் நாளு பாலு குடிக்கல. நாலாம் நாளு வில்லு மாதிரி பின்னால வளஞ்சுது, அவ்வளவுதான். போறதுக்கு முன்ன ஆரோக்கியம்மா ஓடிப் போயி ஒரு சொம்பு தண்ணி எடுத்தாந்து நெத்தியில ஊத்தி, "பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேரால"ன்னு அவசர ஞானஸ்நானம் குடுத்துட்டாங்க. சாமியாரு வர நேரமில்லைன்னா வூட்டு மனுசரே குடுக்கலாம். அதுல அந்தம்மா கெட்டி.

மண்ணப் போட்டுட்டு வந்த அன்னிக்கு ஞானமேரி மாருல பாலு கட்டிக்கிட்டு, சேல நனையக் குந்தி அழுதா. மாமியா வந்து நின்னாங்க.

"எதுக்குடி அழுவுற? தண்ணி ஊத்தியாச்சு. அது இப்ப சம்மனசு, தேவதூதரு. நேரா மோட்சத்துல போயி நிக்கிது. சம்மனசுக்கு அழுதா பாவம்."

"பெத்தது நானுங்க அத்தே."

"பெத்த, குடுத்துட்ட. இனிமே அத நம்ம புள்ளைங்களோட சேத்து எண்ணக் கூடாது. எண்ணுனா அடுத்ததையும் அது கூப்புட்டுக்கும்."

இதுதான் அந்த வூட்டு வழக்கம். செத்த கொழந்த சம்மனசு. சம்மனசு கணக்குல வராது. யாரு கேட்டாலும், இருக்குறதத்தான் சொல்லணும். ஆரோக்கியம்மாவுக்கே நாலு புள்ளைங்கன்னு ஊரெல்லாம் சொல்லுவாங்க. எத்தன பெத்தாங்கன்னு அந்தம்மாவுக்கும் மாதாவுக்குந்தான் தெரியும்.

அறுவத்தொம்பதுல மூணாவது. வூடு ராசியில்ல, எடத்த மாத்தணும்னு ஆரோக்கியம்மா இவள அரூர்ல ஒரு நர்சம்மா நடத்துன பிரசவ வூட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. அந்த நர்சம்மா நல்லவங்கதான். நோட்டத் தொறந்து, பேனா மூடியக் கடிச்சிக்கிட்டு, "எத்தனாவதும்மா?"ன்னு கேட்டாங்க.

"ரெண்டாவதுங்க" அப்புடின்னாங்க மாமியா, பட்டுனு.

"மூத்தது எப்புடி?"

"சிங்கக்குட்டியாட்டம் இருக்கானுங்க. ஒரு கொறயுமில்ல."

நர்சம்மா எழுதிக்கிட்டாங்க. ஞானமேரி பெஞ்சுல ஒக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா. ரெண்டாவது, மொதப் பிரசவம் சுகம், கொறயில்ல. அந்த நோட்டப் பாத்தா யாருக்குத்தான் என்னா சந்தேகம் வரும்?

பையன் பொறந்தான். வரும்போதே வெளிறி, வவுறு உப்பி வந்தான். ஒரு மணி நேரத்துல மஞ்ச ஏறுச்சு. நர்சம்மா வெயில்ல காட்டச் சொன்னாங்க, குளுக்கோஸ் தண்ணி குடுத்தாங்க, ஓடி ஓடிப் பாத்தாங்க. ரெண்டாம் நாளு போயிட்டான். மாமியா சொம்போட தயாராத்தான் இருந்தாங்க.

அதுக்கப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. அவ பாலு வெசம்னாங்க. கண்ணு பட்டுடுச்சுன்னாங்க. தாய் வூட்ல மட்டுந்தான் புள்ள தங்கும்னாங்க. கூடப் பொறந்த அண்ணன் சவரிமுத்து, அவ மேல உசுரா இருக்குறவரு, அவரே ஒரு நாளு, "கொஞ்சம் சாந்தமா இரு பாப்பா, கோவக்காரி வவுத்துல புள்ள தங்காதுங்கிறாங்க"ன்னாரு. அன்னிக்கு அவருக்குச் சோறு போடாம எந்திரிச்சுப் போயிட்டா.

எழுவத்திரெண்டுல நாலாவது. இதுவும் போச்சுன்னா தனக்குப் புத்தி பேதலிச்சுடும்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெனமும் காலையில எந்திரிச்சதும் வவுத்துல கைய வெச்சு அசையுதான்னு பாப்பா. அசைஞ்சா ஒரு நிம்மதி, ஒடனே ஒரு பயம். போன ரெண்டும் இப்புடித்தான நல்லா அசைஞ்சுச்சு.

ஆரோக்கியம்மா மறுபடி எடத்த மாத்துனாங்க. இந்தத் தடவ தர்மபுரி டவுனு. அங்க அவங்க தம்பி வூடு இருந்துச்சு, பக்கத்துல ஜானகியம்மாள்னு ஒரு டாக்டரு. ஆறாம் மாசம் ரெண்டு பேரும் பஸ் புடிச்சுப் போனாங்க. டாக்டரம்மா நரச்ச தல, தடிக் கண்ணாடி, யாரையும் சிரிச்சுப் பேசுற ஆளில்ல.

"எத்தனாவது?"

"ரெண்டாவதுங்க" மாமியாதான்.

"மூத்தவனுக்கு வயசு?"

"ஒம்போதுங்க."

டாக்டரம்மா பேனாவக் கீழ வெச்சாங்க. "ஒம்பது வருசமா? நடுவுல ஒண்ணுமே உண்டாவலியா?"

"கடவுள் குடுக்கலீங்க."

நாலு நாளு மடியில வெச்சிருந்தது, ஒருநாளு தோள்ல போட்டிருந்தது, மாருல பாலு கட்டி வாரக் கணக்கா வலிச்சது, அம்புட்டுக்கும் மேல அந்த ஒரு சொல்லு வந்து மண்ணப் போட்டுச்சு.

"குடுத்தாருங்க" அப்புடின்னா ஞானமேரி. கொரலு அவளுக்கே வேத்தாளு கொரலு மாதிரி இருந்துச்சு. "ரெண்டு குடுத்தாரு. ரெண்டும் மஞ்சளாப் போயிச் செத்துச்சு. இது நாலாவது."

"வாய மூடுடி! வவுத்துல ஒண்ண வெச்சிக்கிட்டு..."

"நீங்க வாய மூடுங்கம்மா" அப்புடின்னாங்க டாக்டரம்மா ஆரோக்கியம்மாகிட்ட. அந்தம்மாவ அப்புடிச் சொன்ன ஆளு அதுக்கு முன்ன கெடையாது. அப்புறம் ஞானமேரிப் பக்கம் திரும்பி நாற்காலிய இழுத்துப் போட்டாங்க. "எப்ப மஞ்சளாச்சு? எத்தனாம் நாளு?"

"அன்னிக்கேங்க. ரெண்டாவது அன்னிக்குச் சாயங்காலம். மூணாவது ஒரு மணி நேரத்துல."

டாக்டரம்மா எழுதுனதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற தாளு எடுத்தாங்க. கையில ஊசி குத்தி ரத்தம் எடுத்தாங்க. "மூணு நாளு கழிச்சு வா. வரும்போது ஒம் புருசனையும் கூட்டிக்கிட்டு வா. அவரு ரத்தமும் வேணும்."

வூட்டு வாசல்ல எறங்குனதும் ஆரோக்கியம்மா ஆரம்பிச்சாங்க. "இவளுக்குத்தான் வவுறு, எம்புள்ள ரத்தம் எதுக்குங்குறேன்? மூட்ட தூக்குற ஒடம்பு. ஒரு சொட்டுப் போனா யாரு திருப்பிக் குடுப்பா?"

புருசன் இன்னாசிராஜ் அரூர் மண்டியில புளி மூட்ட எறக்குறவரு. முதுவுல ரெண்டு மூட்ட போட்டா பாட்டுப் பாடிக்கிட்டே போற ஆளு. ஊசின்ன ஒடனே மொகம் செத்துப் போச்சு.

"இப்ப சீசனு. அடுத்த வாரம் பாக்கலாம்."

அடுத்த வாரம் வந்துச்சு. "மழ மூட்டமா இருக்குது, மண்டியில ஆளில்ல"ன்னாரு. அதுக்கடுத்த வாரம் காச்சலு மாதிரி இருக்குதுன்னாரு. ஒரு மாசம் ஓடிப் போச்சு. ஏழாம் மாசம் நடந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு மாசங்க! வவுத்துல இருக்குறதுக்கு அது எவ்வளவு பெருசுன்னு அந்த மனுசனுக்கு யாரு சொல்றது?

ஒரு திங்கக்கெழம காலையில ஞானமேரி நேரா மண்டிக்கே போயிட்டா. வவுத்தத் தள்ளிக்கிட்டு, மூட்டைங்களுக்கு நடுவுல, இருவது ஆம்பளைங்க முன்னால போயி நின்னா.

"ஏங்க, நானு மூணு தடவ செத்துப் பொழச்சேன். நீங்க ஒரு தடவ வெரல நீட்ட மாட்டீங்களா? பயமா இருந்தா சொல்லுங்க, மூத்தவனக் கூட்டிக்கிட்டுப் போறேன், அவன் கையப் புடிச்சுக்கிட்டு வாங்க."

மண்டியில ராஜப்பன்னு எடக்குப் பேசுற ஆளு ஒருத்தரு. அவரு மூட்ட மேலேர்ந்து, "போய்யா இன்னாசி, கண்ண மூடிக்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. இன்னாசிராஜ் துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, பொண்டாட்டிய மொறச்சிக்கிட்டே பஸ்ஸு ஏறுனாரு. தர்மபுரி வரைக்கும் வேற சீட்டுல ஒக்காந்தாரு.

ரத்தம் பாத்தாச்சு. மறுவாரம் டாக்டரம்மா மூணு பேரையும் முன்னால ஒக்கார வெச்சாங்க.

"ஒம் புருசன் ரத்தத்துல ஒரு சரக்கு இருக்குது, ஒன் ரத்தத்துல அது இல்ல. பேரு சொன்னா ஒங்களுக்கு வாயில நொழையாது. வெள்ளாமக் காட்டுல ஆடு நொழையாம இருக்கக் காவல் போடுவீங்கல்ல?"

"போடுவோங்க" அப்புடின்னாரு இன்னாசிராஜ்.

"ரத்தத்துலயும் காவல் இருக்குது. வெள்ள அணுன்னு சொல்லுவோம். வேத்தாளு உள்ள வந்தா அடிக்கிறது அதுங்க வேல. கொழந்தையே பாதி வேத்தாளுதான், அப்பனோட பாதி. ஆனா அந்தக் காவலுங்க கொழந்தைய ஒண்ணும் பண்ணாம, பொறுத்து, பத்து மாசம் காத்துக் குடுக்கும். அதான் அதிசயம். மொதப் புள்ள பொறக்கும்போது அதோட ரத்தம் கொஞ்சம் தாய் ரத்தத்துல கலந்துடும். மூத்தவன் பொறந்தப்ப அதான் நடந்துச்சு. காவக்காரன் அன்னிக்குத்தான் அந்த ஆட்டப் பாத்தான். அடிக்கிறதுக்குள்ள ஆடு வெளிய போயிடுச்சு, பையன் தப்பிச்சான். ஆனா அடையாளம் பாத்து வெச்சிக்கிட்டான். மறக்கவே மாட்டான். அடுத்த தடவ அதே மாதிரி ஆடு வரப்புல கால வெச்சதும் அடி. கொழந்த ரத்தம் ஒடஞ்சு ஒடஞ்சுதான் மஞ்சளாவுது. ஒவ்வொரு தடவையும் அடி முன்னக்கூட்டியே வுழும். அது சொந்தக்காரன் ஆடுன்னு அவனுக்குத் தெரியாது."

ஞானமேரி நாற்காலி நுனிக்கு வந்தா. "அப்ப எம் பாலு இல்லீங்களா?"

"இல்ல."

"மாம்பழம்?"

"மாம்பழமா? அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வூடு? எடம்?"

"நீ டெல்லியில போயிப் பெத்தாலும் இதேதான் நடக்கும். ஒரே எடத்துல பெத்திருந்தாக்கூட ஒருத்தராவது ரெண்டையும் பாத்திருப்பாங்க, யோசிச்சிருப்பாங்க. எடத்த மாத்தி மாத்தி, ஒருத்தருக்கும் தெரியாமப் பண்ணிட்டீங்க."

ஆரோக்கியம்மா தலத் துணிய இழுத்து வுட்டுக்கிட்டு ஜன்னலப் பாத்தாங்க.

"இதுக்கு மருந்து இல்லீங்களா?"

"மொதப் புள்ள பொறந்த மூணு நாளுக்குள்ள ஒரு ஊசி போட்டா அந்தக் காவக்காரன் அடையாளம் பாக்காமத் தடுக்கலாம். அது இப்பத்தான் வந்திருக்குது, பெரிய ஊர்லயே தேடணும். ஒம் மூத்தவன் பொறந்தப்ப அது கெடையாது. இப்பப் போட்டும் பிரயோசனமில்ல. எட்டாம் மாசமே பிரசவம் பண்ணி, கொழந்த ரத்தத்தக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்துட்டு வேற ரத்தம் ஏத்தணும். இங்க முடியாது. வேலூருக்கு எழுதித் தர்றேன். ஒரு மாசம் முன்ன வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

இன்னாசிராஜ் தன் காலு வெரலப் பாத்தாரு.

மத்தவங்க வெளிய போனப்புறம் ஞானமேரி கதவுகிட்ட நின்னுட்டா. ஒண்ணக் கேக்காமப் போவ முடியல.

"டாக்டரம்மா, மூணாவதுக்கு நர்சம்மா கேட்டப்ப, முன்னொண்ணு மஞ்சளாச் செத்துச்சுன்னு நானு வாயத் தொறந்து சொல்லியிருந்தா?"

டாக்டரம்மா கண்ணாடியக் கழட்டித் தொடச்சாங்க. பொய் சொல்லத் தெரியாத பொம்பள. "ரத்தம் பாக்கச் சொல்லியிருப்பாங்க. பாத்திருந்தா அனுப்பியிருப்பாங்க. பொழச்சிருக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு வழி இருந்திருக்கும்."

ஒரு வார்த்த. 'மூணாவது'ங்கிற ஒரு வார்த்த. பெஞ்சுல ஒக்காந்து சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தாளே, அந்த நேரத்துல அந்த ஒரு வார்த்தைய வுட்டெறிஞ்சிருந்தா! மாமியாவத் திட்டலாம், வழக்கத்தத் திட்டலாம். வாயி யாரோடது? இவளோடதுதான? அந்த எரிச்சலு அவள வுட்டு அப்புறம் என்னிக்கும் போவல.

வேலூருக்குப் போற வழியில திருப்பத்தூர்ல பஸ்ஸு மாறணும். ஸ்டாண்டுல மாம்பழம் குமிச்சு வெச்சிருந்தாங்க. ஞானமேரி ரெண்டு வாங்குனா. அங்கியே நின்னு, தோலோட கடிச்சு, முழங்கை வரைக்கும் சாறு வழியத் தின்னா.

"அடிப்பாவி, புள்ளயக் கொல்றியே!" மாமியா தலையில அடிச்சிக்கிட்டாங்க. நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க.

"இந்தாங்க, ஒங்களுக்கும் ஒண்ணு வாங்கியிருக்குறேன். தின்னுட்டுக் கத்துங்க, தெம்பா இருக்கும்."

வேலூர்ல பதினோரு நாளு படுத்திருந்தா. அப்புறம் வலி வர மருந்து ஏத்துனாங்க. பொண்ணு. கையளவு. அழுவுறது பூனக்குட்டி முனகுற மாதிரி. பொறந்த ஒடனே தூக்கிக்கிட்டு ஓடிட்டாங்க. தொப்புள் வழியா ஊசிக்குழா மாதிரி ஒண்ண வுட்டு, கொஞ்சம் எடுக்குறது, கொஞ்சம் ஏத்துறதுன்னு ரெண்டு மணி நேரம். மறுநாளு மறுபடி மஞ்ச ஏறுச்சு, மறுபடி அதே. மொகந்தெரியாத யாரோ ரத்தம். அதுக்குப் பதிலுக்கு ரத்தம் குடுக்க ஆளு வேணும்னாங்க. இன்னாசிராஜ் போயிப் படுத்தாரு, குடுத்தாரு, எந்திரிச்சதும் மயங்கி வுழுந்தாரு. ரெண்டு நர்சுங்க தூக்க முடியாமத் தூக்குனாங்க. அதுக்கப்புறம் அவரு பொண்டாட்டிகிட்ட மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிறது கொஞ்சம் கொறஞ்சுச்சு.

நாலாம் நாளு ஞானமேரி கண்ணாடிக்கு வெளிய நின்னா. நாலாம் நாளுதான் மொதப் பொண்ணு வளஞ்சது. காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல. மத்தியானம் ஒரு நர்சு வந்து, "பாலு குடிக்கிதும்மா, எவ்வளவு குடிக்கிது தெரியுமா"ன்னா. அப்பத்தான் குந்துனா. குந்துனவ எந்திரிக்க அர மணி நேரம் ஆச்சு.

கொழந்தைய ராஜமேரின்னு கூப்புட்டாங்க. ஒரு மாசங் கழிச்சு ஊருக்கு வந்தாங்க. வந்தா, முன்னாடியே திரும்பி வந்திருந்த ஆரோக்கியம்மா வூடு வூடாப் போயி, "எடத்த மாத்துனேன், பொழச்சிக்கிச்சு. வேலூரு மண்ணு எங்களுக்கு ராசி"ன்னு சொல்லிக்கிட்டு இருக்குறாங்க! ஊசி போட்டவங்க, ரத்தம் குடுத்தவங்க, ராத்திரி பகலா நின்னவங்க, எல்லாம் ஒண்ணுமில்ல, மண்ணுதான். ஞானமேரி பல்லக் கடிச்சா. சொல்லிப் பாத்தா. மூணு தடவ, ஆட்டுக் கத காட்டுக் கதையோட வெளக்கிச் சொன்னா. எல்லாங் கேட்டுட்டு, "அதான் நானும் சொல்றேன், எடம்"னாங்க மாமியா.

கோயில்ல ஞானஸ்நானம். பதிவுப் புஸ்தகத்தத் தொறந்து சாமியாரு கேட்டாரு: "எத்தனாவது கொழந்த?"

"ரெண்டா..." மாமியா ஆரம்பிச்சாங்க.

"நாலாவது சாமி" அப்புடின்னா ஞானமேரி. "நாலுன்னு எழுதுங்க. எழுதுனப்புறம் எனக்கு ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க."

அன்னிலேர்ந்து அந்தத் தெருவுல அவ ஒரு தொல்லையாயிட்டா. எவளாவது மசக்கைன்னு வாந்தி எடுத்தா போதும், போயி நிப்பா. "இதுக்கு முன்ன எத்தன? செத்ததையும் சேத்துச் சொல்லு. கொறயா வுழுந்ததையும் சொல்லு." அபசகுனம் புடிச்சவன்னு பேரு வந்துச்சு. கல்யாணத்துக்கு, சீமந்தத்துக்குக் கூப்புடுறதக் கொறச்சாங்க. போவட்டும், சோறு மிச்சம்னா.

எழுவத்தஞ்சுல பக்கத்து வூட்டுக் கோவிந்தம்மா மாசமா இருந்தா. அவங்க மாரியம்மனக் கும்புடுறவங்க. அங்க சம்மனசு கெடையாது, ஆனா எண்ணுறதும் கெடையாது. மூத்தது இருக்குது, ரெண்டாவது பொறந்த மறுநாளே போச்சு. என்னா நெறத்துல போச்சுன்னு கேட்டா கோவிந்தம்மா வாயே தொறக்கல. அவ மாமியா சின்னம்மா அவள அரூருக்குக் காட்டக் கூட்டிக்கிட்டுப் போறது தெரிஞ்சுது. அதே நர்சம்மாகிட்டத்தான். ஞானமேரி அடுப்புல இருந்த களிய எறக்கி வெச்சுட்டு, மூணு வயசு ராஜமேரிய இடுப்புல தூக்கி வெச்சிக்கிட்டு, அடுத்த பஸ்ஸுல ஏறுனா.

போயி நொழையுறா, அதே பெஞ்சு. அதே சொவரு, சுண்ணாம்புகூட அடிக்கல. நர்சம்மாவுக்குத் தல நரச்சிருந்துச்சு. பேனா மூடியக் கடிச்சிக்கிட்டு, "எத்தனாவதும்மா?"

"ரெண்டாவதுங்க" அப்புடின்னாங்க சின்னம்மா.

கோவிந்தம்மா சொவத்தப் பாத்துக்கிட்டு இருந்தா.

"மூணாவது" அப்புடின்னா ஞானமேரி வாசல்லேர்ந்து.

நர்சம்மா நிமுந்தாங்க. "நீ யாரும்மா?"

"பக்கத்து வூட்டுக்காரிங்க. ஆறு வருசத்துக்கு முன்ன இதே பெஞ்சுல வாய மூடிக்கிட்டு ஒக்காந்தவ." ராஜமேரிய அந்த இடுப்புக்கு மாத்திக்கிட்டா. "மொதல்ல நோட்டுல மூணுன்னு எழுதுங்க. அப்புறம் இவ ரத்தத்தப் பாருங்க. ஏ கோவிந்தம்மா, சொவத்துல என்னாத்தப் பாக்குற? இந்தப் பக்கம் திரும்பி, அது எந்த நெறத்துல போச்சுன்னு நர்சம்மாகிட்ட நீயே வாயத் தொறந்து சொல்லு."